பாடும் பாட்டும்

சென்ற மாதம் என் அக்கா மகளிடமிருந்து ஒரு தபால் வந்தது. பெண் இங்கிலாந்தில், யார்க்ஷயர் பக்கத்து ஊர் ஒன்றில் டாக்டராக இருக்கிறாள். இந்தக் காலத்தில் யார் ஐயா தபாலில் கடிதம் எழுதுகிறார்கள் என்று கேட்பீர்கள். அவள் எழுதுவாள். மாமன் கதை எழுதுகிறவன், காகிதத்தில் வந்தால்தான் கவனமாகப் படிப்பான் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை. கடிதம் அரைப் பக்கம்தான். அதோடு நாலாக மடித்த ஒரு பச்சைக் காகிதம் இருந்தது. அவள் சேர்ந்திருக்கும் பாடகர் சங்கம் வருகிற பருவத்தில் நடத்தப்போகும் கச்சேரிகளின் அறிவிப்பு.

மூன்றே கச்சேரிகள். டிசம்பரில் ஹாண்டலின் ‘மெஸையா’. மார்ச் முதல் வாரத்தில் பிராம்ஸின் ‘ஜெர்மன் ரெக்வியம்’. குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்திய சனிக்கிழமை பாக்கின் ‘மத்தேயு பாடுகள்’. மூன்றும் தெய்வ சங்கீதம். மூன்றும் நகர மண்டபத்தில். டிக்கெட் உண்டு, மாணவர்களுக்குச் சலுகை உண்டு, இடைவேளையில் காப்பியும் உண்டு.

கடிதத்தின் அடியில் ஒரு கேள்வி: “மாமா, அம்மா போனில் தினமும் சண்டை. நான் இதைப் பாடலாமா, கூடாதா? நீங்களே சொல்லுங்கள்.”

அக்காவைக் கூப்பிட்டு விசாரித்தேன். “என்ன தம்பி கேக்க? தேவாரம் படிச்ச குடும்பம். இவ அங்க போயி வேதக்கோயில் பாட்டுல்லா பாடுதா! நம்பிப் பாடுதாளா, சும்மா பாடுதாளா? நம்பிப் பாடுனா நமக்கு ஆகாது. நம்பாமப் பாடுனா அவுகளுக்கு ஆகாது. ரெண்டுல எது?” என்றாள்.

விமரிசகர்கள் நாற்பது பக்கம் எழுதிக் கேட்கிற கேள்வியை என் அக்கா ஒரு மூச்சில் கேட்டுவிட்டாள். அன்று அவளுக்குப் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. பச்சைக் காகிதத்தை மேஜைமேல் விரித்து வைத்துக்கொண்டு யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் சங்கீத வித்வான் அல்லன். ராகத்தின் பெயர் தெரியாமலே கச்சேரிக்குப் போய்த் தலையாட்டுகிற கூட்டத்தைச் சேர்ந்தவன். ஆனால் ஒரு கதையை எங்கே தொடங்குகிறார்கள், எங்கே வெட்டுகிறார்கள் என்பது எனக்குக் கொஞ்சம் தெரியும். இந்தக் காகிதத்திலும் அப்படி ஒரு வெட்டு இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் இந்தச் சங்கங்கள் எப்படிப்பட்டவை என்று சொல்லிவிட வேண்டும். இவை நம் சபாக்கள் மாதிரி அல்ல. நம் சபாவில் சந்தா கட்டினால் உட்கார்ந்து கேட்கலாம். அங்கே சந்தா கட்டினால் நின்று பாட வேண்டும். குமாஸ்தா, பள்ளிக்கூட வாத்தியார், நர்ஸ், ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் என்று நூறு, நூற்றைம்பது பேர் வாரம் ஒரு மாலை கூடி மூன்று மாதம் ஒரு பெரிய உருப்படியைப் பாடம் பண்ணுவார்கள். தனியாகப் பாடுகிற வித்வான்களையும் வாத்திய கோஷ்டியையும் மட்டும் பணம் கொடுத்து அழைப்பார்கள். நூற்றைம்பது பேரும் பாடுவது ஒரே மெட்டு அல்ல. பெண்களில் உயர்ந்த குரல் ஸோப்ரானோ, தாழ்ந்தது ஆல்டோ. ஆண்களில் உயர்ந்தது டெனர், தாழ்ந்தது பாஸ். நாலு கூட்டமும் நாலு வழியாக நடந்து ஓரிடத்தில் சந்திக்கும். நமக்கு ஒரே நாதம் ஓடி ஓடி வளைவதுதான் சுகம். அவர்களுக்கு நாலு இழை ஊடு பாவாகப் போவது.

ஊடு பாவு என்று சும்மா சொல்லவில்லை. இந்தச் சங்கங்களில் பேர்போன ஒன்று ஹட்டர்ஸ்ஃபீல்டு என்ற கம்பளி ஆலை ஊரில் பிறந்தது. 1836 ஜூன் 7ஆம் தேதி பதினாறு பேர் கூடி அதைத் தொடங்கினார்கள். கூடிய இடம் தேவாலயம் அல்ல. ‘ப்ளவ் இன்’ என்ற மதுக்கடை. தெய்வ சங்கீதம் எங்கே பிறக்க வேண்டும் என்று விதி வகுக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். ஆலைத் தொழிலாளிகளுக்கு ஐந்து கோட்டில் எழுதிய ஐரோப்பிய ஸ்வர லிபியைப் படிக்கத் தெரியாது. அவர்களுக்காகவே ஜான் கர்வென் என்ற பாதிரியார் டோ, ரே, மீ என்று எழுத்தால் எழுதும் ‘டானிக் ஸோல்ஃபா’ முறையைப் பரப்பினார். அதற்கு மூலம் நார்விச் ஊரில் ஸாரா க்ளோவர் என்ற அம்மாள் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுத்த முறை. அந்த ஸோல்ஃபா கப்பலேறி நம் திருநெல்வேலிச் சீமைக்கும் வந்தது. பாளையங்கோட்டையில் மிஷன் பள்ளியில் படித்த என் அக்கா மகள் அதைக் கையசைவோடு சொல்வாள். ஆகவே, அவள் அங்கே போய்ப் புதிதாக எதையும் பிடித்துக்கொண்டுவிடவில்லை. யார்க்ஷயர் ஆலைக்காரர்கள் ஏறிய ஏணியில்தான் அவளும் ஏறியிருக்கிறாள்.

இரண்டு வருஷத்துக்கு முன் நான் அங்கே போயிருந்தபோது ஓர் ஒத்திகைக்கு என்னை அழைத்துப் போனாள். செவ்வாய்க்கிழமை, இரவு ஏழரை மணி. ஒரு பழைய மெதடிஸ்ட் கோயிலின் பின்கட்டு. வெளியே மழை, உள்ளே நாற்காலிகளின் முதுகில் நனைந்த கோட்டுகள் தொங்கின. எல்லோர் கையிலும் ஸ்வரப் புஸ்தகம், காதிடுக்கில் பென்சில். நடத்துகிறவள் ஒரு நடுவயது அம்மாள். ஒரு வார்த்தையின் முடிவில் வரும் ‘ஸ்’ என்ற ஒலியை நூறு பேரும் ஒரே கணத்தில் சொல்ல வேண்டும் என்றாள். அவர்கள் சொன்னார்கள், மண்டபம் முழுவதும் பாம்புப் புற்றாகச் சீறிற்று. மறுபடி. மறுபடியும் சீறல். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஒரு ‘ஸ்’ஸுக்குப் பதினோரு நிமிஷம் ஆயிற்று. பதினோராவது நிமிஷத்தில் அது ஒரே கத்திரி வெட்டாக விழுந்தது. யாரும் கை தட்டவில்லை. எல்லோரும் குனிந்து பென்சிலால் ஏதோ குறித்துக்கொண்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார்கள்.

டெனர் வரிசையில் ஒரு கிழவர் உட்கார்ந்தபடியே பாடிக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி முப்பது வருஷம் ஆல்டோ வரிசையில் நின்றவளாம், போய்விட்டாள். கிழவர் தேவாலயத்துக்குப் போவதில்லை. தேநீர் வேளையில் நான் மருமகளைத் தூண்டிவிட்டு, “உங்களுக்கு இந்த வார்த்தைகளில் நம்பிக்கை உண்டா?” என்று கேட்கச் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “செவ்வாய்க்கிழமை ஏழரையிலிருந்து ஒன்பதரை வரை உண்டு” என்றார்.

இதை நான் விகடமாகத்தான் எடுத்துக்கொண்டேன். இப்போது அப்படித் தோன்றவில்லை.

பச்சைக் காகிதத்துக்கு வருவோம். முதல் கச்சேரி ‘மெஸையா’. அறிவிப்பில் இரண்டு விஷயம் என் கண்ணில் உறுத்திற்று. ஒன்று, ‘வழக்கம்போல்’ என்ற சொல். இன்னொன்று, முதல் பாகமும் ‘அல்லேலூயா’ கோஷ்டிப் பாட்டும் மட்டுமே பாடப்படும் என்ற சிறிய எழுத்து. பல ஊர்களில் டிசம்பரில் இப்படித்தான் செய்கிறார்கள். கிறிஸ்துமஸுக்கு ஏசு பிறப்பு போதும், குழந்தைகளோடு வருகிறவர்களுக்குச் சீக்கிரம் வீட்டுக்குப் போக வேண்டும் என்பது சமாதானம்.

ஆனால் ‘மெஸையா’ டிசம்பர்ச் சரக்கே அல்ல. ஹாண்டல் 1741 ஆகஸ்டு 22ஆம் தேதி எழுத உட்கார்ந்து செப்டம்பர் 14ஆம் தேதி எழுந்தார். இருபத்து நாலு நாள். முதலில் பாடியது 1742 ஏப்ரல் 13ஆம் தேதி, டப்ளின் நகரில், ஈஸ்டருக்கு முந்திய தவக்காலத்தில். கூட்டம் அதிகம் வரும் என்று பெண்கள் வளையம் வைத்த பாவாடை இல்லாமலும் ஆண்கள் வாள் இல்லாமலும் வரும்படி கேட்டுக்கொண்டார்கள். எழுநூறு பேர் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். வசூல் இரண்டு ஆஸ்பத்திரிகளுக்கும் கடன்பட்டுச் சிறையில் கிடந்தவர்களுக்கும் போயிற்று. 142 பேர் அந்தப் பணத்தால் விடுதலையானார்கள் என்பது கணக்கு. சங்கீதத்தால் மனிதன் விடுதலை அடைவான் என்று நாம் மேடையில் பேசுகிறோம். டப்ளினில் அது ரசீதோடு நடந்தது.

என் அக்கா கேட்ட கேள்வி அப்போதும் எழுந்தது. டப்ளின் புனித பாட்ரிக் பேராலயத்தின் தலைவர் ஜானதன் ஸ்விஃப்ட். ‘கல்லிவரின் யாத்திரை’ எழுதினாரே, அவரேதான். தம் கோயில் பாடகர்கள் பிடில்காரர்களோடு சேர்ந்து ஒரு மண்டபத்தில் பாடுவதா என்று முதலில் தடை போட்டார். பிறகு எப்படியோ விட்டுக்கொடுத்தார். மறு வருஷம் லண்டனில் நாடகக் கொட்டகையில் பாடியபோது, வேத வாக்கியத்தை நடிகர்கள் வாயால் கேட்பது தகுமா என்று பத்திரிகையில் ஒருவர் சீறினார். டப்ளினில் தனிப்பாட்டுப் பாடியவர்களில் ஒருத்தி ஸூஸன்னா ஸிப்பர் என்ற நடிகை. அவள் குடும்ப விவகாரம் கோர்ட்டுக்கு ஏறி ஊர் சிரித்திருந்த சமயம். மனிதரால் இகழப்பட்டவனைப் பற்றிய பாட்டை அவள் பாடக் கேட்டு ஒரு பாதிரியார் எழுந்து நின்று, உன் பாவமெல்லாம் மன்னிக்கப்பட்டது என்று கூவினாராம். கதையாக இருக்கலாம். இருந்தாலும், இகழ்ச்சியை அனுபவித்தவள் அதைப் பாடினாள் என்பது கதை அல்ல.

இன்னும் ஒரு விஷயம். குழந்தை பிறந்த ஆனந்தத்தைச் சொல்லும் பிரசித்தமான கோஷ்டிப் பாட்டு ஒன்று முதல் பாகத்தில் வருகிறது. அதன் மெட்டு ஹாண்டல் அதற்குச் சில வாரங்களுக்கு முன் இத்தாலிய மொழியில் எழுதிய காதல் பாட்டிலிருந்து எடுத்தது. இனிக் காதலை நம்பமாட்டேன் என்று பிணங்குகிற பாட்டு! எது தெய்வ சங்கீதம், எது லௌகிகம் என்று பிறவியை வைத்துத் தீர்மானிக்கப் போனால் ஹாண்டலே முதல் குற்றவாளி. நாயகி பாவத்தில் உருகிய ஆழ்வாரைப் படித்தவர்களுக்கு இது பெரிய அதிர்ச்சியாக இராது.

சரி, வெட்டு விஷயம். ‘மெஸையா’ மூன்று பாகம். முதல் பாகம் எதிர்பார்ப்பும் பிறப்பும். இரண்டாவது பாடும் மரணமும் உயிர்த்தெழுதலும். அதன் முடிவில்தான் ‘அல்லேலூயா’. அதற்கு எல்லோரும் எழுந்து நிற்பார்கள். ஜார்ஜ் மன்னர் முதலில் எழுந்து நின்றார், அதனால் என்று சொல்வார்கள். அதைப் பார்த்தவர் எழுதிவைத்த சாட்சி கிடையாது. சென்னையில் ஒரு தேவாலயத்தில் முதல் தடவை கேட்டபோது காரணம் தெரியாமலே நானும் எழுந்து நின்றேன். முடிந்தது என்று செருப்பைத் தேடவும் தேடினேன். முடியவில்லை. மூன்றாம் பாகம் இருந்தது. வெற்றி முழக்கமெல்லாம் ஓய்ந்த பிறகு ஒற்றை ஸோப்ரானோ குரல், என்னை மீட்பவர் உயிரோடு இருக்கிறார் என்பதை நான் அறிவேன் என்ற பொருளில், அடங்கிய குரலில் தொடங்கிற்று. ஊருக்காகப் பாடிய பாட்டு முடிந்து, ஒரு மனுஷி தனக்காகச் சொல்லிக்கொள்கிற மாதிரி இருந்தது. அதன் பிறகு எக்காளம், மரணத்தைப் பார்த்து உன் கொடுக்கு எங்கே என்று கேட்கிற இருவர் பாட்டு, கடைசியில் ‘ஆமென்’ என்ற ஒரே சொல்லை வைத்துக்கட்டிய பெரிய கோபுரம்.

இதைத்தான் வெட்டியிருக்கிறார்கள். தொடர்கதையின் கடைசிப் பத்து அத்தியாயங்களைக் கிழித்துவிட்டு, நடுவில் வந்த கல்யாணச் சாப்பாட்டோடு ‘முற்றும்’ போடுவது போல. கதை எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு இது பொறுக்கவில்லை.

இரண்டாவது கச்சேரியைப் பார்த்தால் இந்த வெட்டு எவ்வளவு பெரிய நஷ்டம் என்று தெரியும். பிராம்ஸின் ‘ரெக்வியம்’ செத்தவர்களுக்கான பாட்டு என்று பெயர். ரோமன் கத்தோலிக்கக் கோயில்களில் லத்தீனில் பாடுவது செத்தவர் ஆத்மாவுக்காக வேண்டுகிறது. பிராம்ஸ் அந்த வார்த்தைகளை எடுத்துக்கொள்ளவில்லை. லூதரின் ஜெர்மன் பைபிளிலிருந்து தாமே வாக்கியங்களைப் பொறுக்கினார். எடுத்தவுடன் துக்கப்படுகிறவர்களைப் பற்றிப் பேசுகிறார். செத்தவர்களைப் பற்றிய ஆறுதல் கடைசியில்தான். முதல் பகுதி முழுவதும் வயலின்கள் வாசிப்பதே இல்லை. துஷ்டி வீட்டில் விளக்கைத் தணித்து வைத்தாற்போல் இருக்கும். 1865 பிப்ரவரியில் பிராம்ஸின் தாயார் இறந்துபோனார். அதை வைத்துத்தான் எழுதினார் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் துக்கம் விசாரிக்கத் தெரிந்தவன் எழுதியது என்று யாரும் சொல்வார்கள்.

வியன்னாவில் 1867 டிசம்பரில் முதல் மூன்று பகுதிகளைப் பாடினார்கள். மூன்றாவதன் முடிவில் முரசுக்காரர் போட்ட போட்டில் பாட்டே மூழ்கிப்போய்ச் சபையில் சிலர் சீழ்க்கையடித்தார்கள். மறு வருஷம் ஏப்ரல் 10ஆம் தேதி, புனித வெள்ளியன்று, பிரெமன் பேராலயத்தில் பிராம்ஸே நடத்தினார். அங்கே வேறு சங்கடம். இந்த உருப்படியில் கிறிஸ்துவின் பெயரே வரவில்லை. புனித வெள்ளியன்று பேராலயத்தில் அது எப்படி? பிராம்ஸ் வார்த்தையை மாற்ற இசையவில்லை. ‘ஜெர்மன்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘மனித’ என்று போட்டாலும் எனக்குச் சம்மதம் என்ற கருத்தில் அவர் பதில் எழுதியிருக்கிறார். கடைசியில் ஒரு சமரசம் செய்தார்கள். நடுவில் வேறு ஒரு பாட்டைச் செருகி அமாலி யோவாகிம் என்ற அம்மாள் பாடினாள். எது தெரியுமா? ‘மெஸையா’வின் மூன்றாம் பாகத்தைத் தொடங்கி வைக்கும் அதே ஸோப்ரானோ பாட்டு.

அதோடு விடவில்லை. ‘ரெக்வியம்’ ஆறாவது பகுதியில் எக்காளம் தொனிக்கிறது; மரணமே உன் கொடுக்கு எங்கே என்ற அதே வேத வாக்கியம் வருகிறது. ஹாண்டல் இருவர் வாயில் மெதுவாகக் கொடுத்ததைப் பிராம்ஸ் நூறு பேரிடம் கொடுத்து இடி இடிக்க வைக்கிறார். ஒரே கேள்வி, நூற்றிருபத்தைந்து வருஷ இடைவெளியில் இரண்டு குரல். டிசம்பரில் அதைக் கேட்ட காதோடு ஒருவன் மார்ச்சில் வந்து உட்கார்ந்தால் அவனுக்கு என்ன கிடைக்கும்! இந்தப் பருவத்தைத் திட்டமிட்டவர்கள் மூன்று முத்தைப் பொறுக்கிவிட்டு, கோக்கிற நூலை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டார்கள்.

கமிட்டியின் கஷ்டம் எனக்குப் புரியாமல் இல்லை. மண்டப வாடகை, வாத்தியக்காரர் சம்பளம் எல்லாம் டிக்கெட்டில்தான் வர வேண்டும். ‘மெஸையா’வுக்கு வருகிற கூட்டம்தான் மற்ற இரண்டுக்கும் சோறு போடும். அறிவிப்பில் உயிரோடு இருக்கும் ஒருவர் எழுதியது பத்து நிமிஷம்கூட இல்லை, மூன்று பேருமே ஜெர்மனியில் பிறந்த ஆண்கள் என்பது எனக்குக் குறைதான். ஆனாலும் அந்தக் குறையை நான் பெரிதுபண்ணவில்லை. புதியதைப் பாடவில்லையே என்பதைவிட, பழையதை முழுக்கப் பாடவில்லையே என்பதுதான் என் வழக்கு.

மூன்றாவது கச்சேரியில் அவர்களைக் குறை சொல்ல வழியில்லை. ‘மத்தேயு பாடுகளை’ ஒரு வரி விடாமல் பாடப்போகிறார்கள். கிட்டத்தட்ட மூன்று மணி. லைப்ஸிக் நகரில் புனித தாமஸ் கோயிலில் 1727 புனித வெள்ளியன்று பாக் இதை முதலில் நடத்தினார் என்பது ஆராய்ந்தவர்கள் முடிவு. அங்கே இது கச்சேரி அல்ல, ஆராதனை. இரண்டு பாகத்துக்கும் நடுவில் பிரசங்கம் உண்டு. 1736இல் பாக் தம் கையால் அழகாகப் படி எடுத்தபோது, வேத வாக்கியங்களைச் சிவப்பு மையால் எழுதினார்.

அவர் 1750இல் காலமானார். பிறகு இந்தப் பெரிய உருப்படி கோயிலிலேயே மறக்கப்பட்டது. அதை மீட்டது எந்தக் கோயிலும் அல்ல. பெர்லினில் 1791இல் தொடங்கிய ‘ஸிங்-அகாடமி’ என்ற, சம்பளம் வாங்காதவர்கள் பாடுகிற சங்கம். 1829 மார்ச் 11ஆம் தேதி, நூற்றைம்பது பேருக்கு மேல் நின்று பாட, நடத்தியவன் இருபது வயதுப் பையன், பெலிக்ஸ் மெண்டல்ஸன். அவனுக்குப் பதினாலு பதினைந்து வயதிலேயே அந்தச் சுவடியின் பிரதி ஒன்றை எடுத்துக்கொடுத்தவள் அவன் பாட்டி பெல்லா ஸாலமன். பெலிக்ஸுக்கு ஏழு வயதில் ஞானஸ்நானம் ஆயிற்று. பாட்டி கடைசிவரை யூத மதத்திலேயே இருந்தவள். கிறிஸ்துவின் பாடுகளைச் சொல்லும் மகத்தான சங்கீதம் உலகத்துக்குத் திரும்பி வந்தது ஒரு யூதப் பாட்டி பேரனுக்குக் கொடுத்த பரிசு வழியாக. அந்த வீட்டில் என் அக்கா மாதிரி யாராவது, நம்பிக் கொடுக்கிறாயா, நம்பாமல் கொடுக்கிறாயா என்று கேட்டிருந்தால் பாட்டி என்ன சொல்லியிருப்பாள்?

இதில் ஒரு சங்கடமான நியாயமும் இருக்கிறது, மறைக்கக் கூடாது. பாக் காலத்தில் பாடியவர்கள் மிகச் சிலர். ஒரு பிரிவுக்கு ஒரே குரல்தான் இருந்தது என்று ஜோஷுவா ரிஃப்கின் 1981இல் வாதாடினார். இன்றைக்கும் சண்டை ஓயவில்லை. டப்ளினில் ஹாண்டலுக்குப் பாடிய கூட்டமும் சுமார் முப்பது பேர்தான். 1859இல் லண்டன் கிரிஸ்டல் அரண்மனையில் ஹாண்டல் விழாவுக்கு 2,700 பேருக்கு மேல் நிறுத்திப் பாட வைத்தது பிற்காலத்து மோகம். இன்று பழைய வாத்தியங்களோடு இருபது முப்பது தேர்ந்த பாடகர்கள் பாடும் இசைத்தட்டைக் கேட்டால், நம் பிருகாக்கள் மாதிரி ஸ்வரங்கள் உதிர்ந்து பளிச்சென்று விழும். நூறு குமாஸ்தாக்கள் அதே பிருகாவைப் பாடும்போது தேர் சந்தில் திரும்புகிற மாதிரிதான் இருக்கும். ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் ‘மத்தேயு பாடுகளில்’ ஓரிடம் உண்டு. சிலுவையில் அறை என்று கூட்டம் கத்துகிறது. கத்துவது பாடகர் கோஷ்டிதான். கொஞ்ச நேரத்தில் அதே கோஷ்டி, அதே வாய்கள், கண்ணீரோடு ஓர் எளிய கோயில் பாட்டைப் பாடுகின்றன. கொன்றவனும் நானே, அழுகிறவனும் நானே. இந்த எளிய பாட்டுகளில் ஒன்று ஐந்து தடவை திரும்பத் திரும்ப வரும். அதன் மெட்டும் ஹாஸ்லர் என்பவர் 1601இல் வெளியிட்ட காதல் பாட்டினுடையதுதான். இருபது தேர்ந்த பாடகர்கள் பாடும்போது ஒரு கலையைக் கேட்கிறேன். மருந்துக்கடைக்காரரும் பஸ் டிரைவரும் நர்ஸும் நின்று கத்திவிட்டு அதே வாயால் அழும்போது, நான் ஓர் ஊரைப் பார்க்கிறேன். சில ஊர்களில் இது முடிந்ததும் கை தட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்வதுண்டு. என் மருமகள் ஊரிலும் அப்படித்தானாம். அது கேட்டுக்கொள்ள வேண்டிய விஷயமே இல்லை என்று நினைக்கிறேன்.

தமிழில் ஒரு வசதி இருக்கிறது. நம் ஊர்க் கிறிஸ்தவர்கள் ஏசுவின் துன்பத்தைப் ‘பாடுகள்’ என்கிறார்கள். நாம் உழைப்பையும் பாடு என்கிறோம். என்ன பாடு பட்டேன் என்கிறோம். குழந்தையைப் பார்த்து, எங்கே ஒரு பாட்டுப் பாடு என்றும் அதே சொல்லைச் சொல்கிறோம். சொல் ஆராய்ச்சிக்காரர்கள் இவை வேறு வேறு வேர் என்று என்னோடு சண்டைக்கு வரலாம். எனக்கு அந்த மழை நாள் ஒத்திகைதான் அகராதி. ஒரு ‘ஸ்’ஸுக்குப் பதினோரு நிமிஷம் பாடுபட்ட அந்த நூறு பேரில் எத்தனை பேர் நம்புகிறவர்கள், எத்தனை பேர் நம்பாதவர்கள் என்று யாரும் எண்ணவில்லை. பட்ட பாடு மட்டும் எல்லோருக்கும் பொது. தெய்வ சங்கீதம் என்பது எந்த இடத்தில் பாடினார்கள், மெட்டு எங்கே பிறந்தது, டிக்கெட் என்ன விலை என்பதில் இல்லை. பக்கத்தில் நிற்கிறவன் மூச்சுக்குத் தன் மூச்சைக் கொடுத்துக் காத்திருக்கப் பழகுகிற அந்தப் பாட்டில் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை இரண்டு மணி நேரம் நம்புகிறேன் என்றாரே டெனர் கிழவர், அவர் பொய் சொல்லவில்லை. நம்மில் எத்தனை பேருக்கு வாரத்தில் முழுசாக இரண்டு மணி நேரம் நம்பிக்கை இருக்கிறது?

அதனால்தான் அந்த வெட்டு எனக்கு வலிக்கிறது. மூன்றாம் பாகம் கஷ்டமானது, கூட்டத்துக்குப் பழக்கமில்லாதது. அதாவது, பாடுபட வேண்டியது. அதை விட்டுவிட்டு ‘வழக்கம்போல்’ என்று எழுதும்போது, டிக்கெட் விற்கும். ஆனால் சங்கம் தன் ஜீவனை விட்டுக்கொடுக்கிறது.

மருமகளுக்குப் பதில் எழுதினேன். “தாராளமாகப் பாடு. அரைகுறையாகப் பாடாதே. உங்கள் கமிட்டியில் எழுந்து நின்று, அடுத்த டிசம்பரிலாவது மூன்றாம் பாகத்தைச் சேர்க்கும்படி கேள். டெனர் தாத்தாவும் உன் கட்சியில் இருப்பார்.”

அக்காவுக்குப் போன் செய்து இத்தனையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். யூதப் பாட்டி கதைக்கு மட்டும் “ம்” என்றாள். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு கேட்டாள்: “அது கெடக்கட்டும் தம்பி. முழு டிக்கெட்டுக்குக் காசு வாங்கிட்டு, அந்தக் கடைசிப் பாகத்தை எதுக்கு விட்டாகளாம்?”